மலை வீட்டுப் பலகைத் தரை: சுவரோரம் நாலு நூல் (அரை அங்குலம்) இடைவெளி விட வேண்டுமா, வேண்டாமா?

வண்டிச்சோலை:

கோத்தகிரியில் வீடு கட்டும் நண்பர் ஒருவர், கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் என்ன மரம் போடலாம் என்று நேற்று இந்தக் குழுவில் கேட்டிருந்தார். அதற்கு மேட்டுப்பாளையத்து மரக்கடைக்காரர் எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இது: "நிலம்பூர்த் தேக்கு போடுங்கள். தேக்கு அசையாது. சுவரோரம் நாலு நூல் விடச் சொல்கிறவன் வேலை தெரியாதவன். வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களில் பலகை சுவரைத் தொட்டுக்கொண்டுதான் கிடக்கிறது."

வேலை தெரியாதவன் என்று அவர் யாரைச் சொல்கிறார் என்பது குன்னூரில் எல்லோருக்கும் தெரியும். என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் பழைய பங்களாக்களின் தரையைக் கழற்றிப் பூட்டித்தான் சாப்பிடுகிறோம். சுவரை ஒட்டி நிற்கும் ஸ்கர்ட்டிங் பட்டையை அவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது நெம்பிப் பார்த்திருக்கிறாரா? பட்டைக்குப் பின்னால் விரல் நுழைகிற சந்து இருக்கிறது. அதற்குள் கருத்துப்போன மெழுகு உருண்டை, கொண்டை ஊசி, எலி இழுத்துப் போட்ட துணிக் கிழிசல், சுண்ணாம்புப் பொடி. பலகையின் ஓரம் சுவரிலிருந்து விலகி நிற்கிறது. பட்டை அதை மறைத்திருப்பதால் தொடுகிறது போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

மரம் ஏன் அசைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்தால் துவைத்துப் போட்ட துணி காய்வதே இல்லை. மாசியில் அதே வீட்டில் உதடு வெடிக்கிறது. காற்றில் ஈரப்பதம் 65% நிலையாக நின்றால் மரத்தில் 12% ஈரம் நிற்கும். 85% நின்றால் 18% வரை ஏறும். தேக்கில் ஈரம் 1% கூடினால் பலகை அகலத்தில் ஏறக்குறைய 0.19% விரிகிறது. 12 அடி அகல அறைக்கு 6% ஏற்றம் என்று கணக்குப் போடுங்கள்: 40 மில்லிமீட்டர். ஒன்றரை அங்குலத்துக்கும் மேல். இதைத்தான் ஐயா 'அசையாது' என்கிறார்.

நாலு நூல் விட்டே ஆக வேண்டும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

மேட்டுப்பாளையம் தேக்கு:

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. தானாக வந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வது?

மூன்று தலைமுறையாகத் தேக்கு விற்கிறோம். ஆங்கிலேயக் கலெக்டர் கானலி 1840-களில் நிலம்பூரில் நட்ட தேக்குத் தோட்டத்தில் ஒரு பகுதி இன்றைக்கும் நிற்கிறது. உலகத்தில் மனிதன் திட்டமிட்டு வளர்த்த முதல் தேக்குத் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த மண்ணின் மரத்தைப் பற்றி எனக்குக் கணக்குப் பாடம் வேண்டாம். ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையை இடித்து உத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். 1829-ல் அடிக்கல் நாட்டிய கோயில். போய்ப் பார்த்துவிட்டு வந்து, மரம் அசைகிறதா என்று சொல்லுங்கள்.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை அங்குலம் விரிகிறது என்கிறார். இந்தப் பக்கம் நாலு நூல், அந்தப் பக்கம் நாலு நூல், மொத்தம் ஒரு அங்குலம் விடச் சொல்கிறார். மீதி அரை அங்குலம் எங்கே போகிறது? சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கா? அவர் சொல்வது உண்மையானால் நாலு நூல் விட்ட தரைகளும் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. ஏனென்றால் தேக்கு அசையாது.

வண்டிச்சோலை:

உத்திரம் தரை அல்ல ஐயா. உத்திரம் சுவர் மேல் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் காற்று. அது விரிந்தாலும் சுருங்கினாலும் இடிக்க ஆள் இல்லை. தரையில் நாற்பது பலகை தோளோடு தோள் நிற்கிறது. ஆலயத்து உத்திரத்தைக் காட்டித் தரைக்குச் சான்று சொல்வது மரக்கடை வைத்திருப்பவர் பேசுகிற பேச்சா?

மீதி அரை அங்குலம் எங்கே என்று கேட்டீர்கள். பலகையைக் காய்ந்த காலத்தின் கடைசி அளவிலும் போடுவதில்லை, ஈரக் காலத்தின் கடைசி அளவிலும் போடுவதில்லை. நடுவில், ஏறக்குறைய 15% ஈரத்தில் பதம் பார்த்துப் போடுகிறோம். அங்கிருந்து மேலே 3%, கீழே 3%. மேலே ஏறுகிற 3%-க்கு 12 அடியில் 20 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் நாலு நூல் விட்டால் 25 மில்லிமீட்டர் கிடைக்கிறது. போதுமா? மாசியில் பலகைக்குப் பலகை ஒரு காகிதம் நுழைகிற கோடு தெரியும். அது கீழே இறங்குகிற 3%.

அதற்காகத்தான் பலகை வந்த அன்றே ஆணி அடிக்காதீர்கள், கட்டைத் துண்டு இடையில் கொடுத்து அடுக்கி, போடப்போகிற அறையிலேயே வாரக்கணக்கில் கிடத்துங்கள் என்று சொல்கிறோம். மேட்டுப்பாளையத்து வெயிலில் கிடந்த பலகையை அன்றே மலை ஏற்றி அன்றே அடித்தால், முதல் மழைக்கே தரை முதுகைத் தூக்கும்.

நாயுடுபுரம்:

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். இரண்டு பேரும் பாட்டன் காலத்துச் சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது யார் முழுத் தேக்குப் பலகை போடுகிறார்கள்? பல அடுக்குப் பலகை வந்து எவ்வளவு காலம் ஆகிறது! மேலே 3 அல்லது 4 மில்லிமீட்டர் நல்ல ஓக் அல்லது தேக்கு, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டிய அடுக்குகள். ஒரு அடுக்கு விரியப் பார்த்தால் அதன் கீழடுக்கு பிடித்து நிறுத்தும். ஏரிக்கு மேல்பக்கம் நான் போட்ட விடுதித் தரைகளை வந்து பாருங்கள். சுவரோரம் 10 மில்லிமீட்டர்தான் விடுகிறேன். அதாவது மூன்று நூல். நாலு நூல் என்பது பழைய கணக்கு.

வண்டிச்சோலை:

காகிதப் பலகையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஊட்டியில் ஒரு விடுதியில் அந்தக் காகிதப் பலகையின் ஓரமெல்லாம் அப்பளம்போல் உப்பிக் கிடந்ததை நான் அள்ளி வெளியே போட்டிருக்கிறேன்.

நாயுடுபுரம்:

நீங்கள் அள்ளிப் போட்டது லேமினேட். மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை, மேலே அச்சிட்ட காகிதம். நான் சொல்வது அது அல்ல. நான் சொல்வதில் மேல்தோல் உண்மையான மரம்.

வண்டிச்சோலை:

தோல்தானே மரம்! உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 3 மில்லிமீட்டர்த் தோலை ஒரு தடவை இழைத்தால் தீர்ந்தது. முக்கால் அங்குலத் தேக்கைப் பேரன் காலத்திலும் இழைக்கலாம். அதுவும் நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், மூன்று நூல் விடுகிறேன் என்று. தொட்டுக்கொண்டு போடுகிறேன் என்று சொல்லவில்லையே! மேட்டுப்பாளையம் ஐயா இதைக் கவனிக்க வேண்டும்.

அருவங்காடு:

பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நீங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு தரைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். மரச் சட்டத்தின் மேல் ஆணி அடித்த தரை ஒன்று. கான்கிரீட்டில் பசை வைத்து ஒட்டிய தரை ஒன்று. எதிலும் ஒட்டாமல், பலகையோடு பலகை மட்டும் கோத்து மிதக்கவிட்ட தரை ஒன்று. மூன்றிலும் விரிவு வேறு வேறு இடத்தில் போய்ச் சேரும். முதலில் எந்தத் தரை என்று முடிவு செய்துகொண்டு பேசினால் பாதிச் சண்டை தீரும்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

எந்தத் தரையானால் என்ன ஐயா? சுவரைத் தொடுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. தொடுகிறது.

வண்டிச்சோலை:

தொடவில்லை.

கோத்தகிரி புதுவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கேட்டவள் நான்தான். எங்களுடையது கான்கிரீட் தளம். சரிவை வெட்டிக் கட்டியதால் பின்பக்கப் படுக்கையறையின் சுவர் ஒருபுறம் மண்ணை ஒட்டியே நிற்கிறது. தேக்கு கன அடி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. எங்கள் தோட்டத்தின் எல்லையில் பெரிய கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் நிற்கின்றன. முறைப்படி அனுமதி வாங்கி அவற்றை அறுத்துப் பலகையாகப் போடலாமா என்று என் மாமனார் கேட்கிறார். பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

அம்மா, கற்பூர மரம் அடுப்புக்கும் தைலத்துக்கும். தரைக்குப் போடாதீர்கள்.

வண்டிச்சோலை:

இதிலும் பாதி தெரிந்து பேசுகிறார். ஆஸ்திரேலியாவில் வீடு வீடாகக் கற்பூர மர வகைகளில்தான் தரை போடுகிறார்கள். மரம் தேக்கைவிட உறுதி. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1843-ல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் கேப்டன் காட்டன் முதல் கன்றுகளை நட்டார் என்று சொல்வார்கள். அன்றிலிருந்து நாம் அதை விறகாகவும் கூழ் ஆலைக்கான கட்டையாகவும் மட்டும் பார்த்தோம். பலகையாக அறுத்துப் பொறுமையாக உலர்த்தும் தொழிலை இங்கே யாரும் வளர்க்கவில்லை. அறுத்த பலகையை வெயிலில் சாய்த்து வைத்தால் வாரத்துக்குள் முறுக்கிக்கொள்ளும், முனை பிளக்கும். சுருக்கமும் தேக்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும். அம்மா, உங்கள் மாமனார் சொல்வது தவறான யோசனை அல்ல. ஆனால் நிழலில், பாரம் ஏற்றி, முனைக்கு மெழுகு பூசி உலர்த்த ஆள் வேண்டும். அப்படி ஒருவரை உங்களால் பிடிக்க முடியாது. அந்த மரத்தைப் போட்டால் நாலு நூல் போதாது, எட்டு நூல் வேண்டும். பாருங்கள், அங்கேயும் இடைவெளிதான் முதல் பேச்சு.

கூடலூர் ஈட்டி:

தேக்கு, தேக்கு என்று ஓயாமல் பேசுகிறீர்கள். எங்கள் ஊர் ஈட்டி மரத்துக்கு (ரோஸ்வுட்) முன்னால் தேக்கு நிற்குமா? மரத்தின் உறுதியை அளக்கும் ஜன்கா அளவில் தேக்கு 1,070 பவுண்டு, ஈட்டி 2,440 பவுண்டு. அமெரிக்கச் சிவப்பு ஓக் 1,290. நாற்காலிக் கால் தேக்கில் பள்ளம் போடும். ஈட்டியில் கோடுகூட விழாது. பெரிய வீடுகளில் ஈட்டியும் தேக்கும் மாற்றி மாற்றிப் போட்ட தரையை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பளபளப்பு எந்த வார்னிஷிலும் வராது.

ஆனால் அதைப் போட நமக்குக் கொடுப்பினை இல்லை. ஈட்டியைக் காக்கிறோம் என்று 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் அப்பா பார்த்து வளர்த்த மரத்தை மகன் தொட முடியாமல் போயிற்று. நாடு முழுவதும் காடுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்திய கோதவர்மன் வழக்கே எங்கள் கூடலூர்க் காட்டிலிருந்து கிளம்பியதுதான். 1996 டிசம்பர் 12-ல் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு கீழே இருக்கிற மரக்கடைகளுக்கு வேண்டுமானால் செய்தி. எங்களுக்கு அது வாழ்க்கை.

மேட்டுப்பாளையம் தேக்கு:

'கீழே இருக்கிற மரக்கடை' என்று யாரைக் குத்துகிறீர்கள்? என் கடையில் இருக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் வனத்துறை முத்திரை இருக்கிறது, அனுமதிச் சீட்டு இருக்கிறது. வந்து எண்ணிக்கொள்ளலாம்.

கூடலூர் ஈட்டி:

நான் உங்களைச் சொல்லவில்லை. காட்டை அழித்தது யார் என்றால் எங்களைக் கை காட்டுகிறார்கள். லாரியில் ஏற்றி இறக்கியவர்களை யாரும் கேட்பதில்லை. அந்த வயிற்றெரிச்சலைச் சொன்னேன்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

லாரி என்றாலும் எங்களைத்தானே சொல்கிறீர்கள்!

அருவங்காடு:

நண்பர்களே, ஜன்கா அளவு பள்ளம் விழுமா என்பதை மட்டும் சொல்லும். விரிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓக் தேக்கைவிட உறுதி, ஆனால் ஈரம் ஏறினால் தேக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 1% ஈரத்துக்குத் தேக்கு 0.186%, சிவப்பு ஓக் 0.369%. மலை வீட்டுக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

நன்றி ஐயா. படித்தவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஓக்கில் பாதிதான் தேக்கு விரிகிறது. இதைத்தான் நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன், தேக்கு அசையாது.

வண்டிச்சோலை:

பாதி விரிகிறது என்றால் விரிகிறது என்று பொருள். பாதிக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா மூன்று தலைமுறை வியாபாரம் செய்தீர்கள்?

பழைய பங்களாத் தரை ஏன் நூறு வருடம் நின்றது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தரைகளைச் சான்றாகக் காட்டுவதுதான் எனக்கு எரிச்சல். அந்தத் தரைகள் மண்ணிலும் இல்லை, கான்கிரீட்டிலும் இல்லை. கருங்கல் அடிச்சுவர் எழுப்பி, அதன் மேல் சட்டம் போட்டு, சட்டத்தின் மேல் பலகை. கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சில வீடுகளில் இடம் இருக்கும். வெளிச்சுவரில் தரைமட்டத்துக்குக் கீழே வார்ப்பிரும்புக் கம்பி போட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை எதிரெதிர்ச் சுவர்களில் நேருக்கு நேர் இருக்கும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். பலகையின் மேலும் காற்று, கீழும் காற்று, ஓரத்துச் சந்திலும் காற்று. அதனால்தான் மரம் நின்றது.

பிற்பாடு வீட்டை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? எலி வருகிறது, பாம்பு வருகிறது, குளிர் வருகிறது என்று அந்த ஓட்டைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். சிலர் பூச்செடி வைக்க வெளியே மண்ணைக் கொட்டி ஓட்டைக்கு மேல் வரை உயர்த்திவிட்டார்கள். அத்தனை காலம் கல்லாக நின்ற சட்டம் சில மழைக்காலத்துக்குள் ஊறிப்போய், சாவியால் குத்தினால் உள்ளே இறங்குகிற பதத்துக்கு வந்துவிடுகிறது. தரை ஆடுகிறது என்று என்னைக் கூப்பிடுவார்கள். நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே சுற்றி வந்து ஓட்டையைத்தான் தேடுவேன். தேக்கு கெட்டது என்பார்கள். தேக்கின் மூச்சை அடைத்தவர்கள் தேக்கின் மேல் பழி போடுகிறார்கள்.

கணப்பு இருக்கிற அறையைப் பாருங்கள். மார்கழியில் தினமும் நெருப்பு மூட்டினால் கணப்பை ஒட்டிய நாலைந்து பலகை மட்டும் சுருங்கி, இடையில் நாணயம் நிற்கும் அளவுக்குச் சந்து விழும். ஜன்னலோரத்துப் பலகை அதே நாளில் சேர்ந்தே இருக்கும். ஒரே மரம், ஒரே அறை. இதற்கு மேலும் தேக்கு அசையாது என்று சொல்கிறவருக்கு நான் என்ன சொல்ல?

மேட்டுப்பாளையம் தேக்கு:

நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. ஓட்டை, எலி, கணப்பு என்று ஊரைச் சுற்றி வந்தீர்கள். நான் கேட்டது ஒன்றுதான். பழைய பங்களாவில் பலகை சுவரைத் தொடுகிறதா, இல்லையா? வெலிங்டனில் ஒரு வீட்டில் நான் என் கண்ணால் பார்த்தேன். ஸ்கர்ட்டிங்கே இல்லை. பலகை நேராகச் சுவரில் முட்டிக்கொண்டு இருந்தது. தரை கண்ணாடிபோல் இருந்தது.

வண்டிச்சோலை:

எந்தப் பக்கம் பார்த்தீர்கள்? பலகையின் நீளவாட்டு முனையா, அகலவாட்டு ஓரமா? மரம் அகலத்தில்தான் விரியும். நீளத்தில் விரிவது ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. முனை சுவரைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஓரம் தொட்டால்தான் ஆபத்து. முனையைப் பார்த்துவிட்டு வந்து ஓரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

ஆக, தொடுகிறது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

வண்டிச்சோலை:

முனை தொடலாம் என்றேன். ஓரம் தொடக் கூடாது என்றேன். ஒப்புக்கொள்ள இதில் என்ன இருக்கிறது?

நாயுடுபுரம்:

பல அடுக்குப் பலகையில் இந்த முனை, ஓரம் தகராறே இல்லை. நாலு பக்கமும் மூன்று நூல், முடிந்தது வேலை. கொடைக்கானலில் இப்படித்தான் செய்கிறோம். நீலகிரிக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் செய்தால்தான் சரி.

கூடலூர் ஈட்டி:

கொடைக்கானலிலும் வெள்ளைக்காரன் கட்டியதுதான் ஐயா. என்ன, உங்களுக்கு வந்தவர்களில் அமெரிக்கப் பாதிரிமார்கள் அதிகம்.

நாயுடுபுரம்:

எங்கள் ஊரில் மூடுபனி இறங்கினால் எதிர் வீடு தெரியாது. அந்த ஈரத்தில் நிற்கிற தரையைப் போடுகிறவன் நான். ஊட்டியைப் பார்த்துப் படிக்க வேண்டிய நிலையில் நாங்கள் இல்லை.

வண்டிச்சோலை:

ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133 மீட்டர். பனியைப் பற்றி ஊட்டிக்குச் சொல்லித் தர வேண்டாம்.

அருவங்காடு:

கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்கும் தரை ஓரத்துக்கும் என்ன சம்பந்தம்? கோத்தகிரி அம்மா கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. மண்ணை ஒட்டிய சுவர் உள்ள அறைக்கு எந்த மரமானாலும் முதலில் ஈரம் பார்க்க வேண்டும். அம்மா, ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டியான பாலிதீன் தாளை வெட்டி, அந்த அறையின் தளத்தில் நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக நீர் நின்றாலோ, சிமெண்ட் கருத்திருந்தாலோ, அந்த அறையில் இப்போதைக்குப் பலகை போடாதீர்கள். புதுத் தளம் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. மலையில் அதற்கு மேலும் ஆகும். மண்சுவர்ப் பக்கம் வெளியே வடிகால் எடுக்காமல் உள்ளே என்ன மரம் போட்டாலும் பயனில்லை.

கோத்தகிரி புதுவீடு:

மிக்க நன்றி ஐயா, இன்றே தாள் ஒட்டிப் பார்க்கிறேன். கூடத்துக்குத் தேக்கா, பல அடுக்கா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

வண்டிச்சோலை:

தேக்கு. நாலு நூல் விட்டு.

மேட்டுப்பாளையம் தேக்கு:

தேக்கு. விடாமல்.

நாயுடுபுரம்:

பல அடுக்கு. மூன்று நூல்.

வண்டிச்சோலை:

அம்மா, தேக்கு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டையின் நடுவில் இருக்கிற வைரம் வேறு, தோலை ஒட்டிய வெள்ளை வேறு. வைரத்தில்தான் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. வெள்ளையில் பூச்சி விழுந்து, மாவு மாவாகத் தரையில் கொட்டும். சில கடைகளில் வெள்ளை தெரியாமல் இருக்கச் சாயம் தடவி அனுப்புகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து எனக்கு வந்த ஒரு லோடில் பாதிப் பலகையில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. 'சூளையில் உலர்த்தியது' என்று பில்லில் எழுதியிருந்தது. ஈரமானியை வைத்தால் 19% காட்டியது.

மேட்டுப்பாளையம் தேக்கு:

இப்போது வெளியே வந்தது பூனை. இவ்வளவு நாளாக நாலு நூல், நாலு நூல் என்று கத்தியது இதற்குத்தான். அந்த லோடுக்கு இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி வரவில்லை. ஐப்பசி மழையில், தார்ப்பாய் போடாமல் வண்டியை வரவழைத்தது யார்? பாதை நெடுக நனைந்த பலகையில் ஈரமானி வைத்தால் 19% காட்டாமல் 9% காட்டுமா?

வண்டிச்சோலை:

தார்ப்பாய் போட வேண்டியது ஏற்றுகிறவர் வேலை. நனைந்த பலகை மேலாக ஈரமாகும். நான் பலகையை அறுத்து நடுவில் ஊசியை இறக்கிப் பார்த்தேன், அங்கேயும் 19%. வெள்ளைக் கட்டைக்கு வைரத்தின் விலையைக் கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். மழை பெய்தால் வெள்ளை வருமா?

நீங்கள் இப்போது ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? மழையில் நனைந்தால் தேக்கு ஈரம் ஏற்றும் என்கிறீர்கள். ஈரம் ஏற்றினால் விரியும். விரிந்தால் இடம் வேண்டும். அந்த இடம் நாலு நூல்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

லாரியில் நனைவது வேறு, வீட்டுக்குள் இருப்பது வேறு. மேலே வார்னிஷ் அடித்த பலகைக்குள் ஈரம் எப்படிப் போகும்?

வண்டிச்சோலை:

வார்னிஷ் மேலே மட்டும்தானே அடிக்கிறீர்கள்! அடிப்பக்கம் யார் அடித்தார்கள்? மேலே பாலியூரிதேன் பூசி, அடியில் வெறும் மரமாக விட்டால், அடி ஊறி மேல் காய்ந்து பலகை கிண்ணமாக வளையும். இழைக்க வருகிறவர் அந்த ஓரங்களைச் சீவித் தள்ளுவார். மாசியில் காய்ந்ததும் அதே பலகை நடுவில் மேடாக நிற்கும். இதை நான் எத்தனை வீடுகளில் சரிசெய்திருக்கிறேன் என்று குன்னூரில் கேட்டுப் பாருங்கள்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

குன்னூரில் கேட்டேன். பாக்கி வைக்கிறவர் என்றார்கள்.

அருவங்காடு:

இனிமேல் பணத் தகராறை நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். படிக்கிறவர்களுக்கு இது தேவையில்லை.

வண்டிச்சோலை:

பணத்தை அவர்தான் இழுத்தார். நான் மரத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன். என் அப்பா இழைப்புளி பிடித்த கையால் போட்ட தரைகள் இந்த மலையில் இன்றைக்கும் நடக்கக் கிடக்கின்றன. அந்த வேலையை 'வேலை தெரியாதவன்' என்று ஒருவர் எழுதினால் நான் சும்மா இருக்க மாட்டேன். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிக் காட்டத் தயார். நாள் சொல்லுங்கள், குண்டூசி வைத்து அளப்போம்.

மேட்டுப்பாளையம் தேக்கு:

வருகிறேன். ஆனால் வீட்டை நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் அப்பா போட்ட வீடு வேண்டாம், வெள்ளைக்காரன் போட்ட வீடு.

வண்டிச்சோலை:

வெள்ளைக்காரன் எந்த வீட்டில் ஐயா இழைப்புளி பிடித்தான்? போட்டவர்கள் எல்லாம் நம் ஆசாரிகள்தான்.

கோத்தகிரி புதுவீடு:

எல்லோருக்கும் நன்றி. பாலிதீன் தாளுக்கு அடியில் பின்அறையில் நீர் நிற்கிறது, கூடத்தில் இல்லை. எனவே கூடத்துக்கு மட்டும் இப்போது பலகை என்று முடிவு செய்திருக்கிறோம். காரைக்குடியில் இடித்த வீட்டின் பழைய பர்மாத் தேக்கு கிடைத்திருக்கிறது. வேலைக்கு வரும் ஆசாரி இன்று அளந்துவிட்டுப் போனார். சுவரோரம் ஆறு நூல் விடப்போவதாகச் சொல்கிறார். சரிதானே?

மேட்டுப்பாளையம் தேக்கு:

ஆறு நூலா? பழைய பர்மாத் தேக்குக்கா? நூறு வருடம் காய்ந்த கட்டை அம்மா அது! அந்த ஆசாரியை முதலில் மாற்றுங்கள்.

வண்டிச்சோலை:

காரைக்குடி வெக்கையில் நூறு வருடம் காய்ந்த கட்டை என்பதால்தான் மலைக்கு வந்ததும் அதிகமாக ஈரம் குடிக்கும். அதை அவர் யோசித்திருக்கிறார். ஆனால் ஆறு நூல் விட்டால் முக்கால் அங்குல ஸ்கர்ட்டிங் அதை மூடாது, அடியில் தனியாக ஒரு பீடிங் (மெல்லிய மரப்பட்டை) வைக்க வேண்டும். பலகையை அறையிலேயே இந்த மழைக்காலம் முழுவதும் கிடத்தினால் நாலு நூலே போதும். அந்த ஆசாரி எந்த ஊர் அம்மா?

நாயுடுபுரம்:

மூன்று நூல்.